கிரெனடாவில் மசாலா, சாக்லேட், நினைவுப் பொருள்கள் வாங்குவது எப்படி: பெட்டி கட்டுவதிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கரீபியன் தீவான கிரெனடாவுக்கு வருபவர்கள் முதல் நாளே பன்னிரண்டு சாக்லேட் வாங்கி வாடகைக் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போவார்கள். மாலையில் பையைத் திறந்தால் உள்ளே குழம்பு. அதே ஆட்கள் ஜாதிக்காயைக் கடைசி நாள் விமான நிலையத்தில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவார்கள். இரண்டையும் இடம் மாற்றியிருந்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. இந்தத் தீவில் எதை வாங்குவது என்பதைவிட எந்த வரிசையில் வாங்குவது என்பதே பெரிய கேள்வி.

ஐந்து ஆண்டுகளாக ட்ரூ ப்ளூ பகுதியில் குடியிருக்கிறேன். இங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்கவும், புது மருத்துவ மாணவர்களுக்கு நடக்கும் வெள்ளை அங்கி விழாவைப் பார்க்கவும் டொரொன்டோ, நியூ ஜெர்சி, லண்டன், சென்னை என்று பல ஊர்களிலிருந்து வரும் பெற்றோர்களைச் சந்தைக்கு அழைத்துப்போவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. அவர்கள் இடறிய இடங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் திரும்பும் வழியை எழுதுங்கள்

யாருக்கு என்ன வாங்குவது என்ற பட்டியல் பிறகு இருக்கட்டும். ஒரு தாளில் முதலில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்த நாட்டில் போய் இறங்குகிறீர்கள், வழியில் எங்கே விமானம் மாறுகிறீர்கள், செக்-இன் பெட்டி உண்டா.

செக்-இன் பெட்டி இல்லையென்றால் ஜாதிக்காய் ஜாம், ஜாதிக்காய்ச் சிரப், மிளகாய்ச் சாஸ், ரம் எல்லாவற்றையும் இப்போதே அடித்துவிடுங்கள். ஜாம் கெட்டியாக இருந்தாலும் விமானப் பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி கைப்பெட்டியில் போகாது. பாதிப் புட்டிதான் இருக்கிறது என்ற வாதமும் எடுபடாது. அவர்கள் பார்ப்பது புட்டியின் கொள்ளளவை.

செக்-இன் பெட்டியோடு மயாமியிலோ நியூயார்க்கிலோ விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கிரெனடா விமான நிலையக் கடையில் வாங்கிய புட்டியை அந்த இடைவெளியில் பெட்டிக்குள் வைத்துவிடலாம். வைக்க மறந்தால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் புட்டி கையைவிட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு.

வரியில்லாமல் கொண்டுபோகும் மதிப்புக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 800 அமெரிக்க டாலர். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் கனடாவாசிகளுக்கு 800 கனடிய டாலர். பிரிட்டனுக்கு 390 பவுண்டு. மசாலாவும் சாக்லேட்டும் வாங்குபவர் இதைத் தொடமாட்டார். ஓவியமோ நகையோ வாங்குபவர் ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும்.

2. எவற்றை வாங்கவே கூடாது என்று முடிவு செய்யுங்கள்

இதைச் சந்தைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு மனம் சாக்குத் தேட ஆரம்பித்துவிடும்.

சங்கு. உள்ளே இளஞ்சிவப்பாக மின்னும் பெரிய சங்கைப் பார்த்ததும் பூஜை அறை நினைவுக்கு வராத தமிழர் கிடையாது. ராணிச் சங்கு எனப்படும் அந்த இனம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு சில சங்குகளை அனுமதிக்கும் நாடுகள் உண்டு என்றாலும், அதை உங்கள் ஊர்ச் சுங்க மேசையில் நின்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

ஆமை ஓட்டில் செய்த வளையல், சீப்பு ஆகியவற்றில் எந்தச் சலுகையும் இல்லை. அந்த ஓட்டுக்குரிய அழுங்காமை முழுத் தடைப் பட்டியலில் இருக்கிறது. கறுப்புப் பவளமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. "பவளம்தானே, நாங்கள் காலங்காலமாக அணிவதுதானே" என்று ஒரு அம்மாள் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது சரிதான், ஆனால் சுங்க அதிகாரிக்கு நம் வழக்கம் தெரிய வேண்டிய கட்டாயமில்லை.

டோங்கா விதை. கறுத்துச் சுருங்கி, வெனிலாவைப் போல மணக்கும் விதை இது. மசாலாக் கூடைகளில் சில நேரம் ஒன்றிரண்டு இருக்கும். அமெரிக்காவில் 1954 முதல் இதை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கூடையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பச்சையான எதுவும் வேண்டாம். மாம்பழம், மண் ஒட்டிய இஞ்சி, பச்சை மஞ்சள், தோலோடு இருக்கும் முழு ஜாதிப்பழம் எல்லாம் இதில் அடங்கும். பூச்சியும் நோயும் இவற்றோடுதான் பயணம் செய்கின்றன என்பதால் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

இன்னொன்று வாங்குவது பற்றியதல்ல, உடுத்துவது பற்றியது. இராணுவ உடையில் இருக்கும் கேமஃபிளாஜ் வடிவத் துணியைப் பொதுமக்கள் அணிய கிரெனடாவில் சட்டப்படி தடை. குழந்தையின் தொப்பிக்கும் அது பொருந்தும். அப்படி ஏதாவது இருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

3. பணத்தை உள்ளூர்க் காசாக மாற்றிக்கொள்ளுங்கள்

இங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். எல்லோரும் ஈசி என்பார்கள். 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் இன்று மாற்றலாமா, நாளை மாற்றலாமா என்ற தவிப்பு தேவையில்லை.

சிக்கல் சொல்லில்தான் இருக்கிறது. இரண்டுமே டாலர். விற்பவர் இருபது டாலர் என்கிறார். நீங்கள் இருபது அமெரிக்க டாலரை நீட்டுகிறீர்கள். அவர் மனத்தில் இருந்தது 20 ஈசி என்றால் அதன் மதிப்பு ஏறக்குறைய 7 டாலர் 40 சென்ட்தான். பெரும்பாலான விற்பனையாளர்கள் உடனே திருத்திவிடுவார்கள். திருத்தாதவரையும் பார்த்திருக்கிறேன். விலை கேட்டவுடன் "ஈசியா, யுஎஸ்ஸா?" என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்க டாலரை எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கணக்கை 2.70க்குப் பதிலாக இன்னும் குறைத்துப் போடும் கடைகள் உண்டு. மீதி ஈசியில்தான் வரும். நூறு டாலர் நோட்டைக் கொடுத்து ஒரு பொட்டலம் மஞ்சள் வாங்கினால் விற்கும் பாட்டிக்கும் சங்கடம், உங்களுக்கும் பை நிறைய ஈசி. சந்தையில் அட்டை செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5, 10, 20 ஈசி நோட்டுகளே அங்கே கைகொடுக்கும்.

தேவைக்கு மேல் மாற்றவும் வேண்டாம். ஈசி செல்லுபடியாவது கிழக்குக் கரீபியனின் எட்டு ஆட்சிப்பகுதிகளில் மட்டும். பார்படோசுக்கும் டிரினிடாடுக்கும் வேறு நாணயம்.

4. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

செயின்ட் ஜார்ஜஸ் நகரின் சந்தைச் சதுக்கம் சனிக்கிழமை காலையில் நிரம்பி வழியும். நாட்டுப்புறத்து விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்பது அன்றைக்குத்தான். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நகரம் உறங்கும்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை உல்லாசக் கப்பல்கள் அதிகம் வரும் பருவம். கப்பல் நிற்கும் நாளில் துறைமுகத்தை ஒட்டிய எஸ்பிளனேட் வணிக வளாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கூட்டமும் விலையும் ஏறியிருக்கும். உங்களுக்கு நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் கப்பல் இல்லாத நாளாகப் பாருங்கள்.

கப்பலிலேயே வருபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இறங்கியதும் கண்ணில் படும் வளாகத்தில் வாங்காமல் நேராக வெளியே வந்து சந்தைச் சதுக்கத்துக்கு நடப்பது. சில நிமிட நடைதான். கேரினாஜ் துறைமுகப் பக்கம் இருந்து வந்தால் சென்டால் சுரங்கப்பாதை வழியாக வரலாம், ஆனால் அது மிகக் குறுகலானது. காரும் ஆளும் ஒரே வழியில் போவதால் சுவரை ஒட்டி வரிசையாக நடக்க வேண்டும். வளாகத்தில் வாங்க விரும்பியதைத் திரும்பும் வழியில் வாங்கலாம். அதற்குள் விலை என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

5. விலை கேட்பதற்கு முன்னால் வணக்கம் சொல்லுங்கள்

எல்லா யோசனைகளிலும் எளியதும் இதுதான், நம்மவர்கள் அதிகம் தவறுவதும் இதில்தான்.

"இது எவ்வளவு?" என்று நேராக ஆரம்பித்தால் இங்கே அது மரியாதைக் குறைவு. முதலில் காலை வணக்கம் அல்லது மதிய வணக்கம். அவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பது. அதன் பிறகே கேள்வி. பஸ்ஸில் ஏறினாலும், வங்கி வரிசையில் நின்றாலும் இதே முறைதான். வணக்கம் சொல்லாமல் பொருளைப் புரட்டிப் பார்த்த ஒருவரிடம், விற்கும் பெண்மணி நிதானமாக "குட் மார்னிங், டார்லிங்" என்றார். அது வரவேற்பு அல்ல, பாடம். அவருக்குப் புரியவில்லை, நான்தான் இடையில் புகுந்து வணக்கம் சொல்லிச் சமாளித்தேன்.

படம் எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். அதுவும் ஏதாவது வாங்கிய பிறகு கேட்பது நல்லது.

பேரம் பற்றி. கொத்தவால் சாவடிப் பழக்கத்தில் பாதி விலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பொட்டலங்களுக்குப் பெரும்பாலும் ஒரே விலைதான். நாலைந்து வாங்கும்போது "சேர்த்து என்ன விலை?" என்று கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள், அல்லது ஒரு பட்டைத் துண்டையோ நாலு ஜாதிக்காயையோ கொசுறாகப் போடுவார்கள். கொசுறு கேட்பது இங்கும் செல்லும். 2004 செப்டம்பரில் இவான் புயல் இந்தத் தீவின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. நட்ட மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஒரு பொட்டலத்தில் இரண்டு ஈசி குறைப்பதற்காக அரை மணி நேரம் நிற்பவரைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

6. ஜாதிக்காயை முதலில் வாங்குங்கள்

கெடாது, உருகாது, உடையாது. அதனால் முதல் நாளே வாங்கலாம். கிரெனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது, இங்கே வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருளும் இல்லை.

ஓட்டோடு வாங்குவதா, ஓடு உடைத்ததா? ஓட்டோடு வாங்குங்கள். உள்ளே இருக்கும் பருப்பின் எண்ணெய்தான் மணம். கறுத்த, பளபளப்பான அந்த ஓடு எண்ணெயைக் காக்கும் மூடி. பொடியாக வாங்குவது காசைக் காற்றில் விடுவது. மூன்று மாதத்தில் மரத்தூள் வாசனைதான் மிஞ்சும்.

காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். நன்றாகக் காய்ந்த பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகிவிடுவதால் வரும் ஓசை அது. ஓசையே இல்லையென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு நாள் மூடியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பிறகு ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டூசி முனை அளவுக்குத் துளை இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குவியலையே விட்டுவிடலாம்.

ஓடு உடைத்த காயைத்தான் வாங்க முடிகிறது என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். ஊசியால் குத்தினால் துளையைச் சுற்றி எண்ணெய் கசிவது நல்ல காய்க்கு அடையாளம். குத்துவதற்கு முன் ஒரு காயை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்தவர் சரக்கைக் குத்திப் பார்ப்பது அழகல்ல.

கனம் ஏன் முக்கியம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குவாவ் ஊருக்குப் போங்கள். கிரெனடா கூட்டுறவு ஜாதிக்காய்ச் சங்கத்தின் பதனிடும் நிலையம் மேற்குக் கடற்கரையில் அங்கே இருக்கிறது. ஓடு நீக்கிய காய்களைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குவது சமையலுக்கு; மிதப்பது எண்ணெய் இல்லாத சோனிக் காய், அது மற்ற உபயோகங்களுக்குப் போய்விடும். பிறகு அளவு வாரியாகப் பிரிப்பார்கள். எண்பதாம் எண் என்றால் ஒரு பவுண்டுக்கு எண்பது காய்கள், நூற்றுப்பத்து என்றால் நூற்றுப்பத்து. எண் சிறியதானால் காய் பெரியது. செயின்ட் ஜார்ஜஸ் பஸ் நிலையத்திலிருந்து 5ஆம் எண் வேனில் கடலோரமாகவே போகலாம். இறங்க வேண்டிய இடத்தில் வேனின் பக்கவாட்டில் தட்ட வேண்டும், மணி கிடையாது. வார நாளில் போங்கள், திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள்.

எத்தனை வாங்குவது? ஒரு குடும்பத்துக்கு இருபது காய் இரண்டு ஆண்டுக்கு வரும். இரண்டு கிலோ வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜாதிபத்திரியையும் கூடவே வாங்கிவிடுங்கள். காயைச் சுற்றியிருக்கும் வலை போன்ற உறை அது. பறித்த புதிதில் இரத்தச் சிவப்பாக இருக்கும்; பதமாக உலர்ந்த பிறகு ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. தூளாகாமல் இருக்கக் கெட்டியான டப்பா ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.

7. மற்ற மசாலாக்களைப் பெயரை நம்பி வாங்காதீர்கள்

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பவைதான் பெரும்பாலும். பெயர்கள்தான் காலை வாரும்.

சாஃப்ரன் என்று எழுதிய பொட்டலம் குங்குமப்பூ அல்ல. இங்கே மஞ்சளுக்கு அதுதான் பெயர். சென்னையிலிருந்து வந்த ஒருவர் என்னோடு வராமல் தனியாகப் போய் ஆறு பொட்டலம் "குங்குமப்பூ" வாங்கிவந்து, விலையைச் சொல்லி என்னை அசத்தப் பார்த்தார். ஈரோட்டுக்காரருக்கு மஞ்சள்தூள் பரிசளித்த பெருமை அவருக்கு உண்டு.

பெப்பர் என்று மட்டும் சொன்னால் மிளகு அல்ல, மிளகாய். பெப்பர் சாஸ் என்பது நெருப்பு. புட்டியில் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆந்திர ஊறுகாய் தின்பவர்களும் இங்கே தண்ணீர் தேடியிருக்கிறார்கள்.

பே லீஃப் என்பது நம் பிரியாணி இலையும் அல்ல, ஐரோப்பியர்களின் இலையும் அல்ல. கிராம்பு மணம் கலந்த வேறொரு கரீபிய மரத்தின் இலை. கஞ்சியிலும் கொக்கோ பானத்திலும் போடுவார்கள். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காதது என்பதால் இதை வாங்கலாம்.

கிராம்பு வேண்டாம் என்பேன். கன்னியாகுமரி மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பட்டை வாங்கலாம், முரட்டுச் சுருளாக இருந்தாலும் மணம் நன்றாக இருக்கும். அச்சடித்த உறையில் வருவதை வாங்கினால் "கிரெனடாவின் விளைபொருள்" என்று எழுதியிருக்கிறதா, "கிரெனடாவில் பொட்டலமிடப்பட்டது" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்தியாவில் விளைந்த மசாலாவைக் கரீபியன் கடலைத் தாண்டி மறுபடி இந்தியாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

8. கைவினைப் பொருள்களைக் கையால் தடவிப் பாருங்கள்

கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையை ஒட்டிய கைவினைச் சந்தையும், நகரச் சதுக்கத்தின் கடைகளும் இதற்குச் சரியான இடங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், பெயர் அச்சிட்ட பனியன் ஆகியவற்றில் பெரும்பாலானவை எங்கிருந்தோ கப்பலில் வந்தவை. ஒரே மாதிரி நூறு இருந்தால் அது இங்கே செய்ததல்ல.

நான் சிபாரிசு செய்வது கலபாஷ் ஓட்டில் செய்த கிண்ணங்களை. நம் ஊரில் திருவோட்டு மரம் என்கிறோமே, அதே மரத்தின் காய். காயைக் குடைந்து, உலர்த்தி, மேல்தோலில் படம் செதுக்கியிருப்பார்கள். உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். நார் ஒட்டியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ முழுதாகக் காயவில்லை என்று பொருள். ஈரப் பதத்தில் பூஞ்சணம் வரும். விளிம்புப் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மசாலா மாலை இங்கே எல்லோரும் வாங்குவது. ஜாதிக்காய், பட்டை, கிராம்பு, மஞ்சள், இஞ்சி எல்லாம் கோர்த்துச் சமையலறையில் தொங்கவிடுவது. வாசனைக்குத்தான், சமையலுக்கு அல்ல. எத்தனை நாள் வெயிலிலும் புழுதியிலும் தொங்கியதோ தெரியாது. வாங்கும்போது ஒருமுறை உதறுங்கள். வெள்ளைத் தூள் கொட்டினால் பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது.

விதை மாலைகளில் கறுப்புக் கண் வைத்த சிவப்பு விதையைப் பார்த்ததும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும். குன்றிமணிதான். ஜம்பி மணி என்கிறார்கள். ஆனைக்குன்றிமணி போன்ற மற்றச் சிவப்பு விதைகளுக்கும் அதே பெயரைச் சொல்வதுண்டு. குன்றிமணி ஓடு உடைந்தால் கடும் நஞ்சு. துளையிட்ட மணியில் ஓடு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

9. கொக்கோ உருண்டையை நடுவில், சாக்லேட்டைக் கடைசியில்

கொக்கோ உருண்டை சந்தையில் கிடைக்கும் சிறந்த பரிசு என்பது என் கட்சி. வறுத்த கொக்கோவை அரைத்து, பட்டையும் ஜாதிக்காயும் சேர்த்து உருட்டியது. துருவிக் கொதிநீரில் போட்டு, பே இலையோடு காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்தால் இங்கே கொக்கோ டீ என்பார்கள். மேலே வெண்மை படர்ந்திருந்தால் பலர் பூஞ்சணம் என்று ஒதுக்குகிறார்கள். பெரும்பாலும் அது மேலே கசிந்து உறைந்த கொக்கோ வெண்ணெய். விரலால் தேய்த்தால் மறைந்தால் வெண்ணெய்; பஞ்சுபோல எழும்பியிருந்து மக்கல் வாடை அடித்தால் பூஞ்சணம்.

சாக்லேட் வேறு கதை. கொக்கோ வெண்ணெய் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். இங்கே நண்பகல் வெயில் முப்பது டிகிரி, மூடிய காருக்குள் அதைவிட மிக அதிகம். அதனால் புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை வாங்கி, ஏசி அறையில் வைத்து, கைப்பெட்டியில் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே நீர் கோத்து, சர்க்கரை வெளியேறி, பளபளப்புப் போய்விடும்.

கொக்கோ விளையும் தோட்டத்திலேயே சாக்லேட் செய்யும் தீவு இது. செயின்ட் பேட்ரிக் பகுதியில் 1999இல் தொடங்கிய கிரெனடா சாக்லேட் கம்பெனியும், பெல்மான்ட் எஸ்டேட்டும், விக்டோரியா ஊருக்கு அருகே ஜூவே சாக்லேட் செய்யும் டயமண்ட் எஸ்டேட்டும் பார்க்கத் தக்கவை. தோட்டத்துக்குப் போவதைப் பயணத்தின் முன்பாதியில் வைத்துக்கொண்டு, சுவைத்துப் பார்த்து, எது பிடித்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குவது கடைசி நாளில் நகரத்துக் கடையில். யங் தெருவில் சாக்லேட் இல்லம் என்றே ஒரு கடை இருக்கிறது. பல தயாரிப்பாளர்களின் கட்டிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பால் சாக்லேட்டுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முகம் சுளிப்பார்கள், நீங்கள்தான் தின்று தீர்க்க வேண்டியிருக்கும்.

10. ரம் வாங்கினால் லேபிளின் எண்ணைப் படியுங்கள்

வடக்கே ரிவர் ஆன்ட்வான் வடிசாலையில் இன்றும் நீர்ச்சக்கரம்தான் கரும்பைப் பிழிகிறது. 1785 முதல் இயங்குகிறது. அங்கே கிடைக்கும் கடும் ரம் 75 சதவீத ஆல்கஹால். 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவைப் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் எடுத்துச்செல்ல முடியாது, தீப்பற்றும் என்பதால். இதற்காகவே 69 சதவீதத்தில் ஒன்று செய்கிறார்கள். இரண்டு புட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாங்குவது அந்த 69தானா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

அளவு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவுக்கு 2 லிட்டர், கனடாவுக்கு 1.14 லிட்டர்; பிரிட்டனுக்கு 4 லிட்டர். அமெரிக்காவுக்குப் பொதுவாக ஒரு லிட்டர்தான். கிரெனடா போன்ற கரீபிய நாடுகளிலிருந்து திரும்புபவர்களுக்கு இரண்டு, அதில் ஒன்றாவது இந்த நாடுகளில் தயாரித்ததாக இருக்க வேண்டும்.

குடிக்காத வீடுகளுக்கு ஜாதிக்காய் ஜாம் நல்ல மாற்று. காயைச் சுற்றியுள்ள சதையில் செய்வது. குற்றாலம், நாகர்கோவில் பக்கம் அந்தச் சதையில் ஊறுகாய் போடுபவர்களுக்கு ருசி புரியும்.

11. பெட்டியை மூன்று அடுக்காகக் கட்டுங்கள்

அடியில் துணிகளின் நடுவே புட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு நெகிழிப் பைக்குள். மூடி கழன்ற சிரப் ஒரு பட்டுப்புடவையை என்ன செய்யும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். நடுவில் கலபாஷ் கிண்ணங்கள், உள்ளே காலுறைகளைத் திணித்து. வெற்றிடமாக விட்டால் அழுத்தத்தில் உடையும்.

மேலே, பெட்டியைத் திறந்ததும் தெரியும்படி, எல்லா மசாலாவும் ஒரே பையில். காரணம் சுங்கம். படிவத்தில் உணவு, தாவரப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதுங்கள். காய்ந்த ஜாதிக்காய் என்று சொல்லிப் பையைக் காட்டினால் இரண்டு நிமிட வேலை. "இல்லை" என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டால், கொண்டுவர அனுமதியுள்ள பொருளுக்கே அபராதம் கட்ட வேண்டிவரும். எழுதினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து மறைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்து ஒருமுறைகூட இழந்ததில்லை.

மிச்சமிருக்கும் ஈசி காசை விமான நிலையத்தில் ஒரு சாக்லேட் கட்டிக்குச் செலவழித்துவிடுங்கள்.

12. வீட்டுக்கு வந்ததும்

மசாலா மாலையையும் கூடையையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூன்று நான்கு நாள் உறைபெட்டியில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் முட்டையும் அதில் அழியும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஓட்டோடு இருக்கும் ஜாதிக்காயை ஒரு நாள் நிழலில் உலர்த்திக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு காய்க்கு மேல் உடைக்காதீர்கள். உடைத்ததைத் துருவியபின் மீதியைச் சிறிய டப்பாவில் தனியாக வையுங்கள். பால் பாயசத்தில் இரண்டு துருவல் போதும். மூன்றாவது துருவலில் பாயசம் மருந்தாகிவிடும்.